தூங்குகிற பணம்

ஜூன் 30, திங்கள்

மே மாதச் சம்பளமே இன்னும் வரவில்லை. இதில் ஜூன் சம்பளம் வந்திருக்குமோ என்று காலையிலிருந்து கைப்பேசியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிற பேராசிரியர் கதிரேசன் அவர்களின் லட்சணம் இது.

தெய்வானைக்கு டாண் என்று சம்பளம் வந்துவிட்டது. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அவளுடைய சம்பளத்தைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது பால், மின்சாரம், என் பெட்ரோல் எல்லாம் டீச்சர் காசில்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால் சண்டையாவது போடலாம்.

மாலையில் ஆசிரியர் சங்கக் கூட்டம். தலைவர் நான். செயலாளர் மாசிலாமணி, தமிழ்த்துறை. அவர் ஒரு செய்தி சொன்னார். பல்கலைக்கழகத்தின் நடப்புக் கணக்கில் இருப்பது பத்து நாள் செலவுக்குக்கூடக் காணாதாம். துணைவேந்தர் பதவி ஒரு வருஷமாகக் காலி. ஒருங்கிணைப்புக் குழு என்று மூன்று பேர் மூன்று ஊரிலிருந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

முதுகலை இரண்டாமாண்டுக்கு 'நிதித் தன்னாட்சி' பாடம். பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "சார், நம்ம யூனிவர்சிட்டிக்குத் தன்னாட்சி இருக்கா?"

"இருக்கு. என்ன படிக்கணும், யாருக்குப் பட்டம் குடுக்கணும்னு நாமதான் முடிவு பண்றோம்."

"அப்ப சம்பளம் மட்டும் ஏன் சார் வரல?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு விளக்கினேன். எங்கள் செலவில் அரசு மானியம் பாதிகூட வராது. மீதியை நாங்களே சம்பாதிக்க வேண்டும்: இணைவுக் கல்லூரிகள் கட்டுகிற கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்வியில் பணம் கொட்டியது. யாரிடமும் கை நீட்டாத பல்கலைக்கழகம் என்று மார்தட்டினோம். அதைக் கேட்ட அரசு, சரி, இவர்கள் வசதியானவர்கள் என்று மானியத்தை ஏற்றாமல் விட்டது. பிறகு விதிமுறை மாறி, தொலைநிலை மையங்களை ஒவ்வொன்றாக மூட வேண்டி வந்தது. வருமானம் போயிற்று. மானியம் அப்படியே நின்றது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடினார்கள்.

பாடம் நன்றாக அமைந்தது. சம்பளம் வாங்காமல் நடத்தியதால் சுருதி கூடியிருக்கலாம்.

ஜூலை 7, திங்கள்

நிதி அலுவலர் ரவூஃப் வராந்தாவில் வழிமறித்தார். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் ரூமுக்கு வாங்களேன். கொஞ்சம் தனியாப் பேசணும்."

"செயலாளரக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"இல்ல சார், நீங்க மட்டும்."

மறுத்துவிட்டேன். எங்கள் சங்கத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு: பொறுப்பாளர் யாரும் நிர்வாகத்தைத் தனியாகச் சந்திக்கக் கூடாது. முன்பு ஒரு தலைவர் துணைவேந்தரோடு தனியாகத் தேநீர் குடிக்கப் போனார். போராட்டம் அன்றோடு படுத்துவிட்டது, அவருக்கு வளாகத்தில் பெரிய வீடு கிடைத்தது. அதிலிருந்து இந்த விதி. ரவூஃப் நல்ல மனிதர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். நல்ல மனிதர்களைத்தான் தூது அனுப்புவார்கள். எனக்குத் தெரியாதா.

ஜூலை 9, புதன்

வாயிற்கூட்டம். நல்ல வெயில். ஓய்வுபெற்றவர்களும் வந்திருந்தார்கள். எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர், எண்பது தாண்டியவர், ஓய்வூதியம் வராமல் மருந்துக் கடையில் கடன் சொன்னதாகச் சொன்னார். எத்தனை பேருக்கு எழுத்தறிவித்த மனிதர். அந்தக் கோபத்தோடு ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

"பணம் இல்லைங்கறாங்க. சுத்தப் பொய். வங்கியில வைப்புநிதியாக் கோடிக்கணக்குல தூங்குது. அங்க பணம் தூங்குது, இங்க நமக்குத் தூக்கம் போச்சு. தூங்குற பணத்தத் தட்டி எழுப்புங்கன்னு கேக்கறோம். டெபாசிட்டை உடைங்க, சம்பளத்தப் போடுங்க."

கைதட்டல் அடங்க நேரமானது. நிர்வாகக் கட்டடத்தின் மாடி ஜன்னலில் ரவூஃப் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு.

யாரோ காணொளி எடுத்து எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தெய்வானைக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள். "நல்லாத்தான் பேசறீங்க" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

எம்.எஸ்ஸி. கணிதம் முடிவு வந்துவிட்டது. இந்த வருஷம் முதலிடம் ஜெனிட்டா என்கிற பெண். கடலோர ஊர்க்காரி, அப்பா வலை தைக்கிறாராம். துறையில் எண் வாங்கித் தெய்வானை அவளைக் கூப்பிட்டுவிட்டாள். பட்டமளிப்பு விழா முடிந்ததும் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லியாயிற்று. மீன் இல்லாமல் சாப்பிடுவாளா என்று இப்போதே கவலைப்படுகிறாள்.

இந்த விருந்தைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. எங்கள் மகள் உமையாள் இதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தாள். மூன்று பருவத்திலும் முதலிடம். நான்காவது பருவத்தில் டெங்கு. எட்டு வருஷமாகிறது. அவள் கல்யாணத்துக்கென்று தெய்வானை சேர்த்திருந்த நகையையெல்லாம் விற்று, அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகத்திடம் அறக்கட்டளையாகக் கொடுத்தோம். அவர்கள் அதை வங்கியில் போட்டு, வருகிற வட்டியில் வருஷா வருஷம் கணிதத்தில் முதலிடம் பெறுபவருக்கு 'உமையாள் நினைவுத் தங்கப் பதக்கம்' தருகிறார்கள். முதலைத் தொடாமல் காலாகாலத்துக்கும் நடக்கும் என்று அப்போதைய பதிவாளர் சொன்னார். 'காலாகாலத்துக்கும்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் தெய்வானை சம்மதித்தாள்.

பதக்கம் வாங்கிய பிள்ளை அன்று எங்கள் வீட்டில் சாப்பிடும். சாப்பிட உட்காருமுன் பதக்கத்தைக் கழற்றிக் கொடுக்கும். தெய்வானை அதைக் கூடத்திலிருக்கும் உமையாள் படத்துக்குப் போட்டுவிடுவாள். சாப்பாடு முடிகிறவரை அது உமையாள் கழுத்தில் கிடக்கும். பிறகு எடுத்து அந்தப் பிள்ளை கழுத்திலேயே திரும்பப் போட்டு அனுப்புவாள். வருஷத்தில் அந்த ஒரு மணி நேரந்தான் தெய்வானை என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஜூலை 11, வெள்ளி

ரவூஃப் மறுபடியும். வண்டி நிறுத்துமிடத்தில். "சார், உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டிய விஷயம்."

"எங்கிட்ட மட்டும்னு ஒண்ணும் கெடையாது சார். சங்கத்துல சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

பேச்சுவார்த்தை. ஒருங்கிணைப்புக் குழுவிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். எங்கள் தரப்பில் ஏழு பேர். ரவூஃப் ஓரமாக.

வைப்புநிதியை உடைக்கலாம் என்று அம்மையார் சட்டென்று ஒப்புக்கொண்டதும் எனக்கே ஆச்சரியம். அப்போது ரவூஃப் தொண்டையைக் கனைத்தார். "மேடம், எல்லா டெபாசிட்டும் நம்மளதுன்னு சொல்ல முடியாது. சிலது நம்மள நம்பிக் குடுத்து வச்சது." சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார்.

விடுவேனா? "நம்ம பேர்ல இருந்தா நம்மளதுதான் சார். சும்மா சாக்குப்போக்கு வேணாம். வயித்துக்கு இல்லாதப்ப உண்டியலப் பாத்துக் கும்பிட்டுட்டு இருக்க முடியாது" என்றேன். மாசிலாமணி மேசையைத் தட்டினார். ரவூஃப் முன்னாலிருந்த கோப்பை மூடினார்.

வெற்றி.

ஜூலை 18, வெள்ளி

மே மாதச் சம்பளம் வந்தது! ஓய்வூதியமும் போட்டுவிட்டார்கள். வாத்தியார் தொலைபேசியில் அழுதார். சங்க அறையில் எல்லோருக்கும் லட்டு. ரவூஃபுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினேன். தொடாமல் அப்படியே திரும்பி வந்தது. சர்க்கரை நோய் போலும்.

வரும் வழியில் தெய்வானைக்குப் பட்டுச்சேலை ஒன்று எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. விருந்தன்று கட்டிக்கொள்ளட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆட்டுக்கறி. இரண்டு மாதத்துக்குப் பிறகு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜூன் சம்பளமும் இல்லை, ஜூலை சம்பளமும் இல்லை. பட்டமளிப்பு விழா 23ஆம் தேதி என்று அறிவித்துவிட்டார்கள். தெய்வானை இரண்டு நாளாக அதிகம் பேசுவதில்லை. பள்ளியில் தேர்வுத்தாள் வேலை இருக்கும். சேலையை இன்னும் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் கணிதத் துறைத் தலைவர் அழைத்தார். இந்த வருஷம் அறக்கட்டளைப் பதக்கங்கள் எதுவும் கிடையாதாம். காரணம் தெரியாதாம்.

ரவூஃப் அறைக்குப் போனேன். தனியாக.

பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனதும் கத்தினேன். "என்ன சார் நெனச்சிட்டு இருக்கீங்க? எங்க பொண்ணு பதக்கத்த நிறுத்த நீங்க யாரு?"

ரவூஃப் எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து என் முன்னால் வைத்தார். "உக்காருங்க சார்."

உட்காரவில்லை.

"டெபாசிட் இல்ல சார். உடைச்சாச்சு."

"எந்த டெபாசிட்?"

"நீங்க கேட்டதுதான் சார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. அவர் மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேமிப்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பே சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று ஓய்வூதிய நிதியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம். மற்றது அறக்கட்டளைகள். யார் யாரோ அப்பா, அம்மா, பிள்ளை நினைவாகக் கொடுத்த எழுபது எண்பது அறக்கட்டளை. வட்டி கூடக் கிடைக்குமென்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வைப்பாகப் போட்டிருந்தார்கள்.

"அதுல ஒண்ண மட்டும் தனியாப் பிரிக்க முடியாது சார். உடைச்சா மொத்தமாத்தான் உடையும். பிரிச்சு வைக்க அனுமதி கேட்டு எழுதிட்டு இருந்தேன். அதுக்குள்ள கேட்ல நீங்க பேசினீங்க. சங்கமே கேக்குதுன்னு குழுவுக்கு வசதியாப் போச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. ரவூஃப் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு தடவ தனியாக் கூப்ட்டேன் சார். நீங்க வரல. பேச்சுவார்த்தையில சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அத்தன பேரு முன்னாடி, சம்பளத்துக்காக அவ்ளோ பேரு காத்திருக்கப்ப, உங்க மக பேரச் சொல்லி நிறுத்துறதா? உங்களுக்குன்னு ஒதுக்கிக் கேக்கற மாதிரி ஆயிருமே சார். அதான் பொதுவாச் சொல்லிப் பாத்தேன்."

நம்பிக் கொடுத்து வைத்தது என்றாரே. என்னைப் பார்த்துச் சொன்னாரே. நான் உண்டியல் என்று நக்கல் அடித்தேன்.

நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். முப்பது வருஷமாகப் பொது நிதி நடத்துகிறேன். ஒரு நிறுவனத்திடம் இருக்கிற பணம் வேறு, அதற்குச் சொந்தமான பணம் வேறு என்று முதல் வாரமே சொல்லிக்கொடுப்பேன். வைப்புநிதி, வைப்புநிதி என்று தொண்டை கிழியக் கத்தினேனே, யாருடைய வைப்பு என்று ஒரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைவன் தனியாகப் போய்விட்டான் என்று பேச்சு வந்திருக்கும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். ரவூஃபைப் பயந்த சுபாவம் என்று எழுதியிருக்கிறேன்.

"மானியம் வந்ததும் திருப்பி வச்சிருவோம் சார்" என்றார். அதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தெய்வானையிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சொல்லவில்லை. கடையில் பணியாரத்துக்குப் பச்சரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எதிரில் எப்படிச் சொல்வது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சங்கக் கூட்டம். மாசிலாமணி உற்சாகமாக இருந்தார். "தலைவரே, ஓய்வூதிய நிதியில இன்னும் கொஞ்சம் கெடக்காம். மறுபடி ஒரு கேட் மீட்டிங் போட்டு, அன்னைக்குப் பேசின மாதிரியே ஒரு பேச்சு பேசுனீங்கன்னா ரெண்டு மாசச் சம்பளத்தையும் வாங்கிரலாம்."

"அது வயசானவங்க பணம்" என்றேன்.

"அப்பறம் திருப்பி வைக்கட்டும். இப்ப பாருங்க, அறக்கட்டளையத்தான் உடைச்சாங்க. என்ன கொறஞ்சு போச்சு? ஒரு வருஷம் பதக்கம் இல்லாட்டி யாரு..."

பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உமையாளைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். முகம் வெளிறிப்போய், "தலைவரே, நான் அத நெனச்சு..." என்று என் கையைப் பிடித்தார். அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது. நானே நினைக்கவில்லை.

மீட்டிங்கில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைவர் பொறுப்பை வேறு யாராவது பார்க்கட்டும் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டில் பால் பாக்கி இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நகைக்கடைக்குப் போனேன். பதக்கம் மாதிரியே ஒன்று செய்து தரச் சொன்னேன். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. உமையாளுக்கு நகை சேர்த்த காலத்தில் பவுன் என்ன விலை, இன்று என்ன விலை. மே மாதச் சம்பளத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் போட்டும், பழைய பதக்கத்தில் பாதி அளவுதான் வருகிறது. பரவாயில்லை என்றேன். உமையாள் பெயரைப் பொறிக்கச் சொன்னேன்.

எப்படியாவது படத்தில் ஒரு பதக்கம் தொங்கிவிட்டால் போதும். மற்றதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 23, சனி

பட்டமளிப்பு விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் உயர்கல்வியின் சுயசார்பு பற்றி நெடுநேரம் பேசினார். பதக்கம் என்ற பேச்சே இல்லை. அங்கி மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜெனிட்டா எப்படியும் வரமாட்டாள், பதக்கம் இல்லாமல் எந்தப் பிள்ளை வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அவள் அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தெய்வானை பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்குக் கட்டும் நூல்சேலைதான் கட்டியிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து, "வணக்கம் சார். அறக்கட்டளைப் பணத்துல சம்பளம் போட்டுட்டாங்க, பதக்கம் இல்லன்னு போன மாசமே டிபார்ட்மெண்ட்ல காதுல விழுந்துச்சு. ஆன்ட்டிக்கு அப்பவே போன் பண்ணி, அப்பவும் நான் வரலாமான்னு கேட்டேன். வான்னு சொன்னாங்க" என்றாள்.

போன மாசமே. தெய்வானை திரும்பிப் பார்க்கவில்லை. பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள்.

சாப்பிட உட்காருமுன் பையிலிருந்து சிறிய பெட்டியை எடுத்துத் தெய்வானையிடம் நீட்டினேன். திறந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தாள்.

"இது யுனிவர்சிட்டி குடுத்ததா, நீங்க குடுக்கறதா?"

"நான்தான்."

"எந்தக் காசு?"

"சம்பளம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

தலையை ஆட்டினாள். படத்தின் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஜெனிட்டாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இது சார் உனக்குக் குடுக்கறாங்க. நல்லாப் படிச்சதுக்கு. வச்சுக்கம்மா, வீட்டுல போய்ப் போட்டுக்க."

உமையாள் படம் வெறும் படமாகவே இருந்தது.

இலை போட்டாள். வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி, கத்திரிக்காய்க் கோசமல்லி, சாதம், அந்தப் பெண்ணுக்காக நெத்திலி வறுவல். எல்லாம் உமையாளுக்குப் பிடித்தவை, நெத்திலியைத் தவிர. ஜெனிட்டா நன்றாகச் சாப்பிட்டாள். அவளிடம் தெய்வானை ஊரைப் பற்றி, மேற்படிப்பைப் பற்றிக் கேட்டாள். ஒரு தடவை சிரித்தாள்கூட. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்துவிடலாம் என்று இலையை மூடப் போனேன். தெய்வானை வந்து கையைத் தடுத்து, இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜெனிட்டாவிடம் பேசிய அதே குரலில்தான் சொன்னாள்.

"சாப்பிடுங்க. ஒரு மாசமாச் சாப்பிட்டதுதான. நம்ம உமையா போட்ட சோறு."

வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.